பென்ஜமின் சொல்ல வந்தது

ஒரேயொரு வசனம்தான். "அம்மா, நான் இனிக் குருமடத்துக்குப் போகமாட்டன்."

ஜெர்மனியின் பொன் (Bonn) நகரத்தில் ரயில் ஏறியதிலிருந்து பென்ஜமின் அதை வாய்க்குள் வைத்து உருட்டிக்கொண்டே வந்தான். தமிழில் சொல்லிப் பார்த்தால் முரட்டுத்தனமாக இருந்தது. ஜெர்மன் மொழியில் சொல்லிப் பார்த்தால், வாடகை வீட்டை விட்டுப் போகிறவன் வீட்டுக்காரரிடம் பேசுவது போல இருந்தது.

அவனுக்கு இருபத்தைந்து வயது. குருவாவதற்குப் படிக்கிறான். கார்த்திகையில் திருத்தொண்டர் பட்டம், அடுத்த வருடம் குருப்பட்டம் என்பது டுசல்டோர்ஃபில் உள்ள தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். அவனுடைய அம்மா புஷ்பமலர் சொல்லாத வீடு இல்லை.

அவன் திரும்பிப் போகப்போவதில்லை என்பது தெரிந்த ஒரே ஆள் தங்கை ஜெசிக்கா. போன கிழமை அவன் தொலைபேசியில் சொன்னதிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். மருத்துவமனையில் தாதிப் பயிற்சி எடுக்கிற பெண், நோயாளிக்குக் கொடுக்கவேண்டிய மாத்திரையைத் தவறான தட்டில் வைத்துவிட்டு ஏச்சும் வாங்கினாள்.

யோசனையும் அவளுடையதுதான்.

"வீட்டில சொல்லாதை அண்ணா. அம்மா அழுது கத்தினால் மேல்வீட்டுக்காரி இறங்கி வந்திடுவாள். வெளியில, ஆக்கள் இருக்கிற இடத்தில சொல்லு. சனிக்கிழமை அம்மா அப்பாவின்ர கலியாண நாள். நான் மேசை ஒண்டு பதிஞ்சு வைக்கிறன்."

அப்படித்தான் தெருமுனையில் இருந்த மெக்சிக்கன் சாப்பாட்டுக் கடையான 'எல் நோபால்' முடிவானது.

கலியாண நாளைப் பார்த்தாளே தவிர, அந்தச் சனிக்கிழமை வேறு என்ன நாள் என்று ஜெசிக்கா பார்க்கவில்லை. உலகக் கிண்ணக் கோடை அது. பின்னேரம் ஜெர்மனி சுவீடனை வென்றுவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு மெக்சிக்கோ ஆர்ஜென்டீனாவோடு மோதுகிறது. நகரத்தில் பாதிப் பேர் கொடியோடு தெருவில் நின்றார்கள். மீதிப் பேர் காருக்குள் இருந்து ஹோர்னை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

"நாங்கள் வெண்டிட்டம்!" என்று அப்பா யோசப் சொன்னார். பார்சல் கிடங்கில் சுமைதூக்கி வண்டி ஓட்டுகிறவர், அன்றைக்கு வேலை முறையை மாற்றிவிட்டு வந்திருந்தார். சட்டையை மினுக்கிப் போட்டிருந்தார்.

புஷ்பமலர் நீலச் சேலை கட்டியிருந்தாள். "பதினொரு வருசமா இந்தக் கடையைத் தாண்டித்தான் போறம், வாறம். ஒரு நாளும் உள்ளுக்குப் போகேல்லை. இண்டைக்கு என்ர பிள்ளையள் கூட்டிக்கொண்டு போகினம்" என்று சொல்லிக்கொண்டே மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பென்ஜமின் ஜெசிக்காவைப் பார்த்தான். அவள் செருப்பைப் பார்த்தாள்.

*

பதிந்து வைத்த மேசையில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

மெக்சிக்கோவின் பச்சைச் சட்டை போட்ட எட்டுப் பத்து இளைஞர்கள். ஒருவன் முகத்திலும் மெக்சிக்கோக் களை இல்லை. எல்லோரும் அந்தத் தெருவில் வளர்ந்தவர்கள். நடுவில் பெரிய மேளம் ஒன்று வைத்திருந்தார்கள்.

"ஏழு மணிக்கு என்று பதிந்தேன். பெயர் ஜெசிக்கா" என்று ஜெசிக்கா பரிமாறும் பெண்ணிடம் சொன்னாள்.

"ஓ, நாளைக்கு என்றல்லவா எழுதியிருக்கிறேன்" என்றாள் அந்தப் பெண். அவள் தலையில் ஒரு காகிதப் பூ. கையில் நாலு பியர்.

கடைசியில் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை கிடைத்தது. நாலு பேருக்கு மூன்று கதிரை. யோசப் எங்கேயோ போய் உயரமான ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். அதில் அவர் இருந்தபோது மற்ற மூவரையும் விசாரிக்கிற நீதிபதி போல இருந்தார். தலைக்கு மேலே தொலைக்காட்சி. மற்ற எல்லோரும் இவர்கள் பக்கமாகத் திரும்பியிருந்தார்கள்.

அது முன்பு கிரேக்கக் கடையாக இருந்த இடம். தூண்களை இடிக்காமல் பச்சை நிறம் பூசிக் கள்ளிச்செடி ஆக்கியிருந்தார்கள்.

"அம்மா" என்று பென்ஜமின் தொடங்கினான். "சாப்பிட முந்தி ஒரு விசயம்…"

"பொறு, சாப்பாடு என்னெண்டு கேக்கப் பிள்ளை வந்திட்டாள்."

காகிதப் பூப் பெண் வந்து நின்றாள். பென்ஜமின் அட்டையைப் பார்த்து வாய் திறப்பதற்குள் புஷ்பமலர் அவனுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். "மகனுக்கு உறைப்பில்லாமல். கோழி. அவனுக்கு வயிறு ஒத்துக்காது."

"எனக்கு உறைப்புப் பிரச்சினை இல்லையம்மா."

"சின்னனில இருந்து பிரச்சினை." பிறகு அந்தப் பெண்ணிடம் ஜெர்மன் மொழியில், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக: "இவர் என் மகன். குருவாகப் போகிறார்."

"அழகு" என்றாள் அந்தப் பெண். "குடிக்க என்ன?"

பென்ஜமினுக்குக் காது சூடானது. இந்த நாட்டில் அவன் சந்தித்த ஒவ்வொரு மனிதருக்கும் அம்மா இதைச் சொல்லியிருக்கிறாள். பல் வைத்தியருக்கு. பஸ் சாரதிக்கு. ஒருமுறை டிக்கெட் இல்லையென்று பிடித்த பரிசோதகருக்கும்.

பரிமாறும் பெண் போனதும் அவன் மறுபடி தொடங்கினான். "அம்மா, அப்பா, ரெண்டு பேரும் கேளுங்கோ. நான்…"

டம், டம், டம் என்று மேளம் அதிர்ந்தது. பச்சைச் சட்டைக்காரர்கள் எழுந்து நின்று பாடத் தொடங்கினார்கள்.

"என்ன?" என்று யோசப் உயரத்திலிருந்து குனிந்தார்.

"ஒண்டுமில்லை அப்பா."

"ஆர்ஜென்டீனாவைத் தான் சொல்லுறன். மெக்சிக்கோவால அவையளை வெல்ல ஏலாது."

ஜெசிக்கா மேசைக்கு அடியில் அண்ணனின் காலை மிதித்தாள். சொல்லு என்று அர்த்தம். எப்படிச் சொல்ல என்பது போல அவன் மேளத்தைக் காட்டினான்.

சாப்பாடு வந்தது. இரும்புத் தட்டில் புகையப் புகைய மாட்டிறைச்சியும் குடைமிளகாயும். அதைப் பக்கத்து மேசைக்காரன் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு போனான். மறுபடி காத்திருந்தார்கள். வறுத்த சோளத் துண்டுகளை யோசப் ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்தார். "அப்பளம் மாதிரித்தான். ஆனால் அப்பளம் இல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"சோறு இருக்குதோ எண்டு கேளன் ஜெசி."

"இருக்கப்பா. உங்களுக்குச் சோறு வருது."

"எப்ப வருது?"

யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் சமையலறைக் கதவு திறந்தது. வெள்ளை மேலங்கி போட்ட ஒருவர் எட்டிப் பார்த்தார். கண்கள் விரிந்தன.

"யோசப் அண்ணை! நீங்களே? உள்ளுக்கு நிண்டு தமிழ் கேக்குதே எண்டு பாத்தன்."

சிறீதரன். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர். இலங்கையில் மூதூர்க்காரர். தமிழ்க் கடையிலும் பள்ளிக்கூட விழாக்களிலும் பார்த்துத் தலையாட்டுகிற பழக்கம். அவர் இந்தக் கடையில்தான் சமைக்கிறார் என்பது இவர்களுக்கு இன்றுதான் தெரியும்.

"மெக்சிக்கோச் சாப்பாடு நீர் சமைக்கிறீரோ?" என்றார் யோசப் வியப்போடு.

"பழகிட்டன் அண்ணை. ரொட்டிதானே." சிறீதரன் சிரித்தார். பிறகு பென்ஜமினைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கைகளை மேலங்கியில் துடைத்துக்கொண்டார்.

"தம்பிதானே பாதராப் படிக்கிறவர்?"

"ஓம், ஓம்" என்றாள் புஷ்பமலர்.

சிறீதரன் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஆனால் மேளச் சத்தத்தை மீறவேண்டியிருந்ததால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "நான் சைவம், தம்பி. ஆனால் குறை நினையாதையுங்கோ. என்ர தம்பியாற்ற குடும்பம் ஊரில. சண்டை திரும்பத் தொடங்கிட்டுதெல்லே. இந்தக் கிழமை முழுக்கப் போன் எடுபடேல்லை. மூண்டு குழந்தையள். எனக்குக் கை ஓடேல்லை. ஒருக்கா உள்ளுக்கு வந்து எனக்காகச் செபம் சொல்லுவீங்களோ?"

பென்ஜமின் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். இல்லை என்று எப்படிச் சொல்வது? நான் அதை விட்டுவிட்டேன் அண்ணை, வேறு யாரையாவது கேளுங்கள் என்றா?

"போ தம்பி" என்றாள் அம்மா.

அவன் எழுந்து போனான்.

சமையலறையில் எண்ணெய்ப் புகை. பாத்திரம் கழுவுகிற போலந்துக்காரர் குழாயை மூடினார். பென்ஜமின் சிறீதரனின் தோளில் கை வைத்தான். கண்ணை மூடினான். சொற்கள் தாமாக வந்தன. வழி தவறியவர்களுக்கு வழியாக இருப்பவரே, பயத்தில் இருக்கும் குழந்தைகளுக்குத் துணையாக இருப்பவரே என்று தொடங்கி, அந்தத் தம்பியின் பெயரைக் கேட்டு, குழந்தைகளின் பெயர்களையும் கேட்டு, ஒவ்வொரு பெயராகச் சொல்லி மன்றாடினான். குரல் நடுங்கவேண்டிய இடத்தில் நடுங்கியது. நிற்கவேண்டிய இடத்தில் நின்றது.

சிறீதரன் அழுதார். போலந்துக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். பென்ஜமினின் கோழித் தட்டைத் தூக்க வந்த காகிதப் பூப் பெண்கூட அதைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றாள்.

"பெரிய ஆறுதல், தம்பி. பெரிய ஆறுதல்" என்று சிறீதரன் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பென்ஜமின் திரும்பி வந்தபோது அம்மா அரைக்கதவு வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவளுடைய முகம் ஒளிர்ந்தது.

"பாத்தீங்களே?" என்று கணவனைக் கேட்டாள். "அந்த மனுசன்ர முகத்தைப் பாத்தீங்களே? ஆண்டவர் குடுத்த வரம் இது. எல்லாருக்கும் வராது."

பென்ஜமினுக்கு முன்னால் ஒரு தட்டு இருந்தது. கோழி, சீஸ், மடித்த ரொட்டி. உறைப்பில்லாதது. ஆறிப்போயிருந்தது.

"அம்மா, நான் திரும்பிப் போகமாட்டன்."

இந்த முறை மேளம் அடிக்கவில்லை.

"எங்கை?"

"குருமடத்துக்கு. நான் விடப்போறன்."

புஷ்பமலர் கையில் இருந்த முள்ளுக்கரண்டியை மெல்லத் தட்டில் வைத்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி, உலகத்து அம்மாக்கள் எல்லோரும் கேட்பதுதான்.

"ஆர் அவள்?"

"ஒருத்தியும் இல்லை."

"பொய் சொல்லாதை."

"ஒருத்தியும் இல்லையம்மா! இருந்தால் சுகமாச் சொல்லியிருப்பன்."

"அப்ப என்ன? ஆரும் ஏதும் சொன்னவையே? உன்னை அங்கை கறுப்பன் எண்டு…"

"இல்லை. எல்லாரும் நல்லவை."

"பேந்து என்னடா?"

அவன் சமையலறைக் கதவைக் காட்டினான். "இப்ப பாத்தீங்கள்தானே? சிறீதரன் அண்ணை அழுதார். எல்லாரும் அசந்து போச்சினம். நான் என்ன நினைச்சுக்கொண்டு நிண்டனான் தெரியுமோ? என்ர தட்டு ஆறப்போகுது எண்டு. வாய் செபம் சொல்லிச்சுது. நான் அங்கை இருக்கேல்லை. ரெண்டு வருசமா இப்பிடித்தான். நான் வடிவாச் சொல்லுறன், எல்லாரும் நம்பினம், எனக்குள்ளை ஒண்டுமில்லை. எனக்குப் பயமாயிருக்கு, அம்மா."

அவன் வாழ்க்கையிலேயே அம்மாவிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

யோசப் உயரமான கதிரையிலிருந்து இறங்கினார். மகனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமோ?"

ஜெசிக்கா தலை குனிந்தாள்.

"எப்ப இருந்து?"

"போன கிழமை, அப்பா."

"அப்ப கலியாண நாள் எண்டு சொன்னது?"

"அதுவும் உண்மைதானே…"

"எங்களைச் சேட்டுப் போடவைச்சு, சேலை உடுத்தவைச்சு, இஞ்சை கொண்டுவந்து இருத்தினது இதுக்குத்தான்." அவருடைய குரல் உயரவில்லை. அதுதான் ஜெசிக்காவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "ஆக்களுக்கு முன்னால நாங்கள் வாய் திறக்கமாட்டம் எண்டு கணக்குப் போட்டிருக்கிறியள். என்ன?"

அவர் சொன்னது சரி.

அந்த நேரம் பார்த்துத்தான் கடை வாசலில் மக்டலீன் வந்து நின்றாள்.

தமிழ்க் கத்தோலிக்க மன்றத்தின் தலைவி. பாடகர் குழு அவளுடையது. திருவிழாவுக்கு யார் கொடி பிடிப்பது, யார் பலகாரம் கொண்டுவருவது என்பதெல்லாம் அவளிடம் கேட்டுத்தான். பேரப்பிள்ளைக்கு ஏதோ வாங்க வந்தவள், கள்ளிச்செடித் தூண்களுக்கு இடையில் நீலச் சேலையைக் கண்டுவிட்டாள்.

"மலர்! நீங்களும் இஞ்சையே? அட, எங்கட பாதரும் வந்திருக்கிறார்!"

"வாங்கோ அக்கா" என்றாள் புஷ்பமலர். ஒரு நொடி முன்னால் செத்துக் கிடந்த முகத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்ததை ஜெசிக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உம்மோட கதைக்கவேணும் எண்டுதான் இருந்தனான். கார்த்திகைக்குப் பாட்டு எல்லாம் தெரிவு செய்யவேணும். பிள்ளையள் இப்பவே பழகினால்தான் சரி. தம்பி, உமக்கு விருப்பமான பாட்டு என்ன?"

"அன்ரி" என்றான் பென்ஜமின். "நான் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். கார்த்திகையில…"

"அவனுக்கு இப்ப சோதனை நேரம், அக்கா" என்று புஷ்பமலர் குறுக்கே வந்தாள். "தலை நிறையப் படிப்பு. பாட்டெல்லாம் நானே சொல்லுறன். நீங்கள் பழக்கத் தொடங்குங்கோ."

"அம்மா…"

"வாற ஞாயிறு பூசைக்குப் பிறகு இருந்து கதைப்பம், அக்கா. தேதியில ஒரு மாற்றமும் இல்லை."

மக்டலீன் பென்ஜமினின் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டு, யோசப்புக்குக் கலியாண நாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு, பொட்டலத்தோடு போனாள்.

பென்ஜமின் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். சொல்லியாகிவிட்டது. அவ்வளவு பாடுபட்டுச் சொல்லியும், சொல்லாதது மாதிரியே ஆகிவிட்டது.

"ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்? இப்பதானே உங்களுக்குச் சொன்னனான்!"

"நீ ரெக்டருக்குச் சொல்லிட்டியோ?" என்று அவள் கேட்டாள். குருமடத்துத் தலைவரைத்தான் கேட்டாள்.

"இல்லை."

"உன்ர ஆன்ம குருவுக்கு?"

"இன்னும் இல்லை."

"அப்ப ஆருக்குச் சொன்னனீ?"

"ஜெசிக்கு."

புஷ்பமலர் சிரித்தாள். யாருக்கும் பிடிக்காத ஒரு சிரிப்பு. "குருமடத்து அறையில உன்ர உடுப்பெல்லாம் அப்பிடியே கிடக்கு. திங்கட்கிழமை உனக்கு வகுப்பு. நீ குருமடத்தை விடேல்லை, தம்பி. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து கதைச்சனீ. அவ்வளவுதான்."

கைப்பையை எடுத்தாள். எழுந்தாள். கூட்டத்துக்குள் நீலச் சேலை மறைந்தது.

கழிப்பறைக்குப் போகிறாள் என்றுதான் மூவரும் நினைத்தார்கள். முகம் கழுவிவிட்டு வருவாள், நேரம் கொடுக்கவேண்டும்.

யோசப்பின் சோறு அப்போதுதான் வந்தது. தக்காளிச் சிவப்பில், மேலே பீன்ஸ் மசியலோடு. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உனக்குப் பயமாயிருக்கெண்டு சொன்னனீ" என்றார் கடைசியில், தட்டைப் பார்த்தபடியே. "எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். நான் வேலைத்தலத்தில தனியத்தானே நிக்கிறனான்."

பென்ஜமின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அப்பாவிடம் சொல்லலாம் என்று அவனுக்கு ஒருபோதும் தோன்றியதே இல்லை.

அவன் பதில் சொல்லுமுன் விளக்குகள் அணைந்தன.

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. காகிதப் பூப் பெண் முன்னால், பின்னால் இன்னும் மூன்று பேர். கையில் ஒரு கேக், அதில் மத்தாப்பு ஒன்று சீறிக்கொண்டிருந்தது. கலியாண நாளுக்கென்று ஜெசிக்கா போன கிழமையே சொல்லி வைத்தது. மேசைப் பதிவில் நாளைப் பிழையாக எழுதிய கடை, இதில் மட்டும் பிழை விடவில்லை.

"வேண்டாம், இப்ப வேண்டாம்!" என்று ஜெசிக்கா எழுந்து கையை ஆட்டினாள். அவர்கள் அதை ஆனந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மேளக்காரர்கள் தாளத்தை எடுத்துக்கொண்டார்கள். முழுக் கடையும் கை தட்டிப் பாடியது. யாரோ ஒரு பெரிய வைக்கோல் தொப்பியைக் கொண்டுவந்து யோசப்பின் தலையில் கவிழ்த்தார்கள். அது அவருடைய கண்வரை இறங்கியது.

"மணப்பெண் எங்கே?" என்று காகிதப் பூப் பெண் கூவினாள்.

மத்தாப்பு வெளிச்சத்தில் எல்லோரும் வெறுங்கதிரையைப் பார்த்தார்கள்.

யோசப் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "ஜெசி, கொம்மாவைப் போய்ப் பார்."

ஜெசிக்கா ஓடினாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "அங்கை இல்லை, அப்பா. ஒருத்தரும் இல்லை."

பென்ஜமின் ஏற்கெனவே கைத்தொலைபேசியை எடுத்துவிட்டான். நீண்ட நேரம் மணியடித்தது.

"என்ன?" என்றாள் அம்மா. அவளைச் சுற்றி ஒரே பாட்டும் விசிலும்.

"எங்கை நிக்கிறீங்கள்?"

"ட்ராமில. ஸ்ரேஷனுக்குப் போறன். அங்கையிருந்து பொன்னுக்கு."

"பொன்னுக்கோ? இப்பவோ? ஏன்?"

"ரெக்டரோட கதைக்க. நீ சொல்லமாட்டாய். நான் போய்ச் சொல்லுறன்." தொடர்பு அறுந்தது.

குருமடத்தில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. சனிக்கிழமை இரவு, நீலச் சேலையில், அரைகுறை ஜெர்மனோடு, அம்மா அந்தப் பெரிய கதவின் மணியை அழுத்துவதைப் பென்ஜமின் நினைத்துப் பார்த்தான்.

"ஓடு" என்றார் யோசப். "நான் இஞ்சை பாக்கிறன். நீ ஓடு."

*

வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். தெரு முழுவதும் கார்கள் நின்றன. ஒன்றும் நகரவில்லை. கார் ஜன்னல்கள் வழியாகக் கொடிகளும் கால்களும் வெளியே நீண்டிருந்தன.

பென்ஜமின் தண்டவாளத்தை ஒட்டி ஓடினான். யாரோ அவன் தோளில் கொடியைப் போர்த்தினார்கள். உதறிவிட்டு ஓடினான். "வென்றுவிட்டோமடா!" என்று ஒரு கிழவர் அவனைக் கட்டிப்பிடித்தார். அவரிடமிருந்தும் விடுபட்டு ஓடினான்.

ஆட்கள் ஏறி இறங்கும் தரிப்பிடத்தைத் தாண்டி, சந்திக்கு முன்னால், ட்ராம் நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் பதினைந்து இருபது பேர் தண்டவாளத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். சாரதி மணியை அடித்து அடித்துக் களைத்துப்போயிருந்தார்.

மூன்றாவது ஜன்னலில் நீலச் சேலை.

அவன் கதவின் பொத்தானை அழுத்தினான். திறக்கவில்லை. கதவைத் தட்டினான். தரிப்பிடத்தில் மட்டும்தான் திறப்பேன் என்று சாரதி கையால் சைகை காட்டினார். பென்ஜமின் ஜன்னலுக்கு வந்து கண்ணாடியைத் தட்டினான். அம்மா திரும்பினாள்.

அழுதிருந்தாள். கண் மை கன்னத்தில் இறங்கியிருந்தது. மகனைக் கண்டதும் சேலைத் தலைப்பால் அவசரமாகத் துடைத்தாள்.

அவன் தொலைபேசியைக் காதில் வைத்து, எடுக்கும்படி சைகை செய்தான். அவள் எடுத்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள்.

"இறங்குங்கோ அம்மா."

"கதவு திறக்காது."

"அடுத்த தரிப்பில இறங்குங்கோ. நீங்கள் போய் என்ன சொல்லப் போறீங்கள் ரெக்டரிட்டை?"

"அது என்ர அலுவல்."

"இது என்ர அலுவல்!" அவன் கத்தியதில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்கள் போய்க் கெஞ்சுவீங்கள். இல்லாட்டி எனக்காக மன்னிப்புக் கேப்பீங்கள். ரெண்டும் எனக்கு வேண்டாம். எல்லாருக்கும் நீங்கள்தான் எனக்காகச் சொன்னனீங்கள். பல் டொக்டரில இருந்து மக்டலீன் அன்ரி வரைக்கும். எனக்குக் குருவாக அழைத்தல் வந்திட்டுது எண்டு பங்குச் சாமியாரிட்டைச் சொன்னதும் நீங்கள்தான். எனக்கு அப்ப பதினாலு வயசு."

"நீ இல்லையெண்டு சொன்னனியோ?"

"சொல்ல விட்டனீங்களோ?"

அம்மாவின் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. அவள் அதைக் கையால் துடைத்தாள்.

"நீ பேசாத பிள்ளை" என்றாள் பிறகு. குரல் மாறியிருந்தது. "மூண்டு வயசு வரைக்கும் ஒரு சொல்லும் வரேல்லை உனக்கு. டொக்டர்மார் என்னென்னவோ சொன்னவை. அகதி முகாமில எல்லாரும் உன்னை ஒருமாதிரிப் பாத்தவை. நான் சொல்லாட்டி உனக்கு ஆர் சொல்லியிருப்பினம்?"

இது அவனுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

"இப்ப எனக்குப் பேச்சு வரும் அம்மா" என்றான்.

சாரதி மறுபடி மணியை அடித்தார். ஆடியவர்கள் சிரித்துக்கொண்டே விலகினார்கள். ட்ராம் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

"இப்ப ஆர் உன்னைத் தடுக்கினம்?" என்றாள் அம்மா. "ரெக்டர் அங்கை இருப்பார். வாறதெண்டால் வா. நான் இறங்கமாட்டன். ரயிலும் உனக்காக நிக்காது."

"நீங்கள் வாய் திறக்கக்கூடாது அங்கை. நான்தான் சொல்லுவன். சத்தியம் பண்ணுங்கோ."

தொடர்பு இருந்தது. அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவள் தொலைபேசியை அணைத்தாள்.

ட்ராம் சந்தியில் திரும்பியது. அம்மா இருக்கையிலிருந்து எழுந்தாள். கொடிகளுக்கும் தோள்களுக்கும் இடையில் வழி பண்ணிக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கக் கண்ணாடிக்கு வந்து நின்றாள். அவன் வருகிறானா என்று பார்த்தாள்.

பென்ஜமின் தண்டவாளத்தின் நடுவில் ஓடினான்.